தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே

பிச்சாட்டூர் அணையில் மதகு திறந்தது
ஊத்துக்கோட்டையில் முதலில் தெரிந்தது
மெகருன்னிசா வீட்டுப் பூனைக்குத்தான்.
சாயங்காலம் நாலுக்கே மாடிப்படி ஏறிவிட்டது.
மைக் கட்டிய ஆட்டோ
தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை
சொல்லிவிட்டுப் போனது.
ஆரணியாறு இரண்டையும் கேட்காமல்
எட்டு மணிக்கு வாசலுக்கு வந்தது.

இரண்டு ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்தோம்.
மூன்றாம் நாள் கதவைத் தள்ளினால்
நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில்
பழுப்பாய் ஒரு கோடு.
கொத்தனார் நூல் பிடித்தாலும்
இவ்வளவு நேராக வராது.

சனிக்கிழமை தசரத நாயுடு
சர்வேயரைக் கூட்டி வந்தார்.
வீட்டுக்கடனோடு சேர்த்து
வங்கியே எடுத்துவைத்த இன்சூரன்ஸாம்.
டேப் வைத்து அளந்தார் அந்த ஆள்:
தரையிலிருந்து மூன்றடி ஏழங்குலம்.
பூச்சு, நிலைக்கதவு, சுவிட்சுப் பெட்டி
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.
ஊறிப்போன என் மெத்தை வழியில் கிடந்தது.
தாண்டிப் போனார்.
"சார், இது?"
"கோடகு உந்தம்மா, சாமான்லகு லேது."
எனக்குப் புரியாமல் இல்லை.
ஆனாலும் அந்த ஆட்டோ மாதிரி
தமிழிலும் ஒருமுறை சொன்னார்:
"செவுத்துக்கு இருக்கு. சாமானுக்கு இல்ல."

அவர்கள் போன பிறகு பார்த்தேன்.
கோட்டுக்கு மேலே
ஃபேன், டியூப்லைட், பரண்.
நாயுடுவுடையவை.
கோட்டுக்குக் கீழே
தையல் மிஷின், மிக்சி, ரேஷன் அரிசி,
பூங்கோதையின் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி,
நாலு தவணை பாக்கியிருக்கும் ஃப்ரிட்ஜ்.
எட்டு வருஷமாய் ஒப்பந்தத்தில்
கையெழுத்துப் போடுகிறேன்.
எது யாருடையது என்று
தண்ணீர்தான் கோடு போட்டுக் காட்டியது.

நாயுடு கெட்டவரில்லை.
அந்த மாதம் பாதி வாடகைதான் வாங்கினார்.
பணம் வந்ததும் வெள்ளையடித்தார்.
வெள்ளை காய்ந்ததும் ஐநூறு ஏற்றினார்.

பங்குனியில் பஸ் ஏறித் திருவள்ளூர் போனேன்.
"வாடகைக்கு இருக்கிறவங்களும் எடுக்கலாமா?"
"எடுக்கலாமே. கேட்டு வந்தவங்கதான் இல்ல"
என்றாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்.
சுவரை விட்டுவிட்டு
சுவருக்குள் இருப்பதற்கு மட்டும்.
அணை திறந்து வருகிற தண்ணி
இயற்கையா, மனுஷன் செய்ததா என்றேன்.
மேலே ஃபோன் போட்டுக் கேட்டாள்.
எங்கிருந்து வந்தாலும் வெள்ளம் வெள்ளம்தானாம்.
எழுதித் தரச் சொன்னதற்குச் சிரித்தாள்.
பிறகு அச்சடித்த ஒரு வரிக்குக் கீழே
பேனாவால் கோடிட்டாள்.

பட்டியல் எழுத மூன்று ராத்திரி ஆனது.
மெத்தை இரண்டு. குக்கர் ஒன்று.
கால் ஆடுகிற பீரோ, வாங்கின விலை, இன்றைய விலை.
பூங்கோதை கூட்டிப் பார்த்தாள்.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
"இவ்வளவாம்மா இருக்கு நம்மகிட்ட?"
அதே தொகையை நான்
இவ்வளவுதானா என்று படித்துக்கொண்டிருந்தேன்.

"மிஷின் வீட்டுக்கா, தொழிலுக்கா?"
பக்கத்து நாற்காலியிலிருந்தவர்
"வீட்டுக்குன்னு சொல்லும்மா" என்று முணுமுணுத்தார்.
நாளைக்கு நஷ்டம் என்று போய் நிற்கும்போது
அந்தப் பொய்தான் முதலில் நனையும்.
தொழிலுக்கு என்றேன்.
அதற்கு வேறு பாலிசியாம், வேறு பணமாம்.
ஆடிக்குப் பார்க்கலாம்.
அதுவரை மிஷினுக்குக் கீழே
நாலு வரிசை செங்கல்.

ஒப்பந்தம் பதினோரு மாதம்.
பாலிசி பன்னிரண்டு.
மிச்சமிருக்கும் அந்த ஒரு மாதம்
நாங்கள் எந்த வீட்டில் இருப்போம் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
மாறினால் வந்து சொல்லுங்கள்,
முகவரியை மாற்றித் தருகிறோம் என்றாள்.
வருஷத்துக்குக் கட்டுவது
ஏற்றிய வாடகையில் இரண்டு மாதத்துக்குக்கூட வராது.

ஒப்பந்தத்தில் ஆறாவது விதி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
எனக்கு முன்னால் குடியிருந்த யாரோ
அடித்துவிட்டுப் போன ஆணி ஒன்று
வெள்ளை பூசிக்கொண்டு மொக்கையாக நிற்கிறது,
கோடு இருந்த இடத்துக்கு
இரண்டு சாண் மேலே.
பாலிசியைப் பாலித்தீன் பையில் போட்டு
அதில்தான் மாட்டியிருக்கிறேன்.